பந்தைக் கொடுத்தது யார்?



மே மாத விடுமுறை வந்தாலே எங்கள் வீட்டில் விடியும்போதே சண்டைதான். அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் என்.பி.ஏ. பேஸ்கெட்பால் ஆட்டம் நமக்குக் காலையில்தானே வரும்? அண்ணன் மகன் காலேஜில் படிக்கிறான். அக்கா மகள் பள்ளிக்கூட பேஸ்கெட்பால் டீமில் ஆடுகிறாள். பல்கூடத் தேய்க்காமல் டீவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவன் மைக்கேல் ஜோர்டன் கட்சி. இவள் லெப்ரான் ஜேம்ஸ் கட்சி.

"ஜோர்டன் ஆறு தடவை ஃபைனல்ஸ் போனார், ஆறையும் ஜெயிச்சார்" என்பான். "பக்கத்துல பிப்பன் இருந்தாரு, ஜெயிச்சார்" என்பாள். "உன் ஆளு கப்புக்காக டீம் மாறிக்கிட்டே இருந்தாரே?" என்பான். "கிளீவ்லேண்டுல அவருக்குத் துணைக்கு யாரு இருந்தா, சொல்லு?" என்பாள்.

கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வரும். "அத்தை, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு பக்கம். "சித்தி, நியாயமா சொல்லணும்" என்று இன்னொரு பக்கம். "காபி ஆறுது" என்று நான் நழுவிவிடுவேன்.

இந்த வருடம்தான் ஒன்றைக் கவனித்தேன். கூட ஆடியவர்களின் பெயர் இந்தச் சண்டையில் எப்போது வருகிறது தெரியுமா? எதிராளியின் ஸ்டாரை மட்டம் தட்ட வேண்டும் என்றால் மட்டும்தான். 'அவனுக்கு பிப்பன் இருந்தார்' என்று சொல்வதில் பிப்பனுக்கு ஒரு பாராட்டும் இல்லை. ஜோர்டனின் கணக்கில் கொஞ்சம் கழித்துவிட்டோம் என்ற திருப்திதான் இருக்கிறது.

சண்டைக்குப் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் பழைய கதையைப் புரட்டினேன். உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேனே.

1986 ஏப்ரல். பாஸ்டன் நகரம். பிளே ஆஃப் ஆட்டத்தில் ஜோர்டன் தனி ஆளாக 63 பாயின்ட் எடுத்தார். பிளே ஆஃபில் ஒரே ஆட்டத்தில் அதற்கு மேல் எடுத்தவர் இன்று வரை இல்லை. முடிவு? இரண்டு முறை கூடுதல் நேரம் கொடுத்தும் அவருடைய சிகாகோ புல்ஸ் 131-135 என்று தோற்றது. அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்காமல் வீடு திரும்பியது.

அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 37 பாயின்ட் எடுத்தார். அப்போதும் கப் வரவில்லை. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் எவ்வளவுதான் தூக்கிச் சுமப்பார்?

1987-ல் இரண்டு இளைஞர்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். ஒருவர் ஹோரஸ் கிராண்ட். இன்னொருவர் ஸ்காட்டி பிப்பன். பிப்பன், ஆர்கன்ஸா மாநிலத்தின் ஹாம்பர்க் என்ற சின்ன ஊர்க்காரர். வீட்டில் 12 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பாவுக்குப் பக்கவாதம், ஒரு அண்ணனும் விபத்தில் செயலிழந்தவர். இருவருக்கும் சக்கர நாற்காலி. கல்லூரி டீமில் பிப்பன் முதலில் சேர்ந்தது ஆட்டக்காரராக அல்ல, சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பையனாக!

1989-ல் ஃபில் ஜாக்சன் தலைமை கோச் ஆனார். ஒருவரே பந்தை வைத்துக்கொள்ளாமல், அது எல்லோர் கையிலும் சுற்றிவரும் ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். ஜோர்டனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. நம் வீட்டிலும் எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்பவரிடம் 'கொஞ்சம் மற்றவரிடம் கொடுங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள், கோபம்தான் வரும். 'அவங்க செஞ்சா சரியா வராது' என்பார்கள். ஜோர்டனுக்கும் அதே பயம்.

1991 ஃபைனல்ஸில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஐந்தாவது ஆட்டம். அப்போது ஒரு டைம் அவுட்டில் 'யார் ஃப்ரீயா இருக்கா?' என்று ஜாக்சன் ஜோர்டனைக் கேட்டார் என்று சொல்வார்கள். பதில்: ஜான் பாக்ஸன். 'அப்போ அவன்கிட்ட கொடு' என்றாராம். ஜோர்டன் கொடுத்தார், பாக்ஸன் கடைசி நிமிடங்களில் வரிசையாகப் போட்டுத் தள்ளினார். புல்ஸுக்கு முதல் கப். 37-ல் இருந்த ஜோர்டனின் சராசரி அந்த சீசனில் 31.5-க்கு இறங்கியிருந்தது. பாயின்ட் குறைந்தது, கப் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1993 ஜூன் 20. ஃபீனிக்ஸ் நகரில் ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம். இந்த ஆட்டத்தின் கடைசி சில நொடிகளை நான் யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

கடைசிக் கால் பகுதியில் அதுவரை புல்ஸ் எடுத்தது ஒன்பதே பாயின்ட். ஒன்பதும் ஜோர்டன் போட்டது. மற்றவர்கள் கையில் ஒன்றும் விழவில்லை. ஸ்கோர் 96-98, இன்னும் 14 நொடி. மைதானம் முழுக்க ஜோர்டனைத்தான் பார்க்கிறது.

ஜோர்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். பிப்பனிடம் கொடுக்கிறார். பிப்பன் உள்ளே நுழைந்து கிராண்டிடம் தள்ளுகிறார். கிராண்டுக்குப் பக்கத்திலேயே கூடை. ஆனால் அவர் போடவில்லை, வெளியே ஆளில்லாமல் நிற்கும் பாக்ஸனுக்கு அனுப்புகிறார். மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நின்றபடி பாக்ஸன் எறிகிறார். உள்ளே விழுகிறது! மீதி 3.9 நொடி. 99-98. எதிரணியின் கடைசி முயற்சியையும் கிராண்டே கை நீட்டித் தடுத்துவிட்டார். மூன்றாவது கப்.

அந்த ஃபைனல்ஸில் ஆட்டத்துக்கு 41 பாயின்ட் எடுத்தவர் ஜோர்டன். அது இன்றும் சாதனை. ஆனால் கப்பைக் கொண்டுவந்த கடைசிப் பந்து அவர் கையிலிருந்து போகவில்லை.

1997-லும் இதே கதைதான். அப்போது ஸ்டீவ் கெர். இரண்டு வருடம் முன்பு பயிற்சியில் கோபத்தில் ஜோர்டனிடம் முகத்தில் குத்து வாங்கிய அதே கெர்! ஃபைனல்ஸில் யூட்டா அணியோடு ஆறாவது ஆட்டம், ஸ்கோர் சமம், சில நொடிகளே பாக்கி. ஜோர்டனை மறிக்க, கெர்ரை விட்டுவிட்டு ஓடி வந்தவர் ஜான் ஸ்டாக்டன். ஜோர்டன் நொடிகூட யோசிக்காமல் கெர்ரிடம் பந்தைக் கொடுத்தார். கெர் போட்டார், கதை முடிந்தது. வெற்றி விழாவில், 'மைக்கேலை மறுபடியும் நான்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது' என்று கெர் கிண்டலடிக்க, கூட்டமே சிரித்தது.

'அப்படியென்றால் ஸ்டார் என்று ஒருவர் தேவையே இல்லையா?' என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம்.

1993 அக்டோபரில் ஜோர்டன் ஓய்வு பெற்றார். பிப்பனும் கிராண்டும் மற்றவர்களும் அடுத்த சீசனில் 55 ஆட்டம் ஜெயித்தார்கள். ஜோர்டன் ஆடிய முந்தைய சீசனில் 57. வெறும் இரண்டுதான் குறைவு! 'துணை' என்று நாம் சொல்பவர்கள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் கப் வரவில்லை, இரண்டாவது சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார்கள். ஜோர்டன் திரும்பி வந்து முழுதாக ஆடிய 1995-96 சீசனில் 72 வெற்றி, 10 தோல்வி, கப். ஆக, அண்ணன் மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நான் நியாயமான அத்தை இல்லை.

இந்தச் சண்டை ஜோர்டன் காலத்தில் தொடங்கியதும் அல்ல. 1962 மார்ச் 2-ஆம் தேதி வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 பாயின்ட் எடுத்தார். '100' என்று எழுதிய தாளைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் கை ரோட்ஜர்ஸ் என்பவர் 20 அசிஸ்ட், அதாவது கூடையில் விழுவதற்கு முந்தைய பாஸ், கொடுத்தார். அவர் கையில் யாரும் தாள் கொடுக்கவில்லை.

அந்த சீசனில் வில்ட்டின் சராசரி 50.4. கப் போனதோ பில் ரஸ்ஸலின் பாஸ்டன் அணிக்கு. ரஸ்ஸல் 13 சீசனில் 11 கப் வென்றவர். 'அவருக்கு நல்ல டீம்' என்று அப்போதும் சொன்னார்கள். வில்ட்டுக்கு முதல் கப் 1967-ல்தான் வந்தது. அந்த சீசனில் அவர் சராசரி 24, முன்பு எடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு எட்டு அசிஸ்ட் வரை கொடுத்தார்.

அக்கா மகளுக்காக லெப்ரானையும் பார்த்துவிடுவோம். 2007-ல் டெட்ராய்ட் அணிக்கு எதிராகத் தொடர்ந்து 25 பாயின்ட், டீமில் வேறு யாரும் இடையில் ஒன்றுகூடப் போடாமல், அவர் ஒருவரே எடுத்தார். அடுத்து ஃபைனல்ஸில் நாலு ஆட்டமும் தோல்வி. 2013-ல் அவர் மயாமியில். ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தில் தோல்வி நிச்சயம் என்று எண்ணி, எதிரணியின் பரிசளிப்புக்காக மைதான ஓரத்தில் மஞ்சள் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். லெப்ரான் எறிந்தது விழவில்லை. கிறிஸ் பாஷ் தாவிப் பந்தை எடுத்து, பின்னால் நகர்ந்தபடியே மூலைக்குப் போன ரே ஆலனிடம் கொடுத்தார். 5.2 நொடி பாக்கி இருக்கும்போது ஆலன் சமன் செய்தார். அந்த ஆட்டமும் அடுத்ததும் மயாமிக்கு. லெப்ரானின் நாலு கப்பில் ஒன்று இப்படி வந்ததுதான்.

இப்போது பஞ்சாயத்துத் தீர்ப்பு. ஜோர்டன், வில்ட், லெப்ரான் மூவரும் தனியாக ஜெயிக்கப் பார்த்துத் தோற்றவர்கள்தான். பக்கத்தில் இருப்பவரை நம்பிப் பந்தைக் கொடுக்கப் பழகிய பிறகே கப்பைத் தொட்டார்கள். கொடுத்ததால் அவர்கள் பெருமை குறையவில்லை. ஆகவே ஜோர்டனைப் புகழ பிப்பனை மறைக்க வேண்டாம், லெப்ரானைத் தூக்க ஜோர்டனை இறக்கவும் வேண்டாம். (இருவருக்குமே தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது வேறு கதை.)

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. 1997-98 சீசனில் ஜோர்டனின் சம்பளம் 33 மில்லியன் டாலருக்கும் மேல். பிப்பனுக்கு 3 மில்லியன்கூட இல்லை. சம்பளப் பட்டியலில் என்.பி.ஏ.வில் அவருக்கு 122-வது இடம், சொந்த டீமிலேயே ஆறாவது இடம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 1991-ல் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். வீட்டுப் பொறுப்பு தலைமேல் இருப்பவர் 'கிடைத்தது போதும்' என்று ஒப்புக்கொள்வது நமக்குப் புதிதா என்ன?

பேஸ்கெட்பாலில் எனக்குப் பிடித்தது, கூடையில் போட்டவரோடு, அதற்கு முந்தைய பாஸைக் கொடுத்தவருக்கும் ஒரு கணக்கு இருப்பதுதான். நான் சொன்ன அசிஸ்ட் அதுதான். கெர்ரை விட்டு ஓடினாரே, அந்த ஸ்டாக்டனின் அசிஸ்ட் 15,806. என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிகம். ஒரு கப்கூட ஜெயிக்காதவரை உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கணக்கால்தான்.

ஆனாலும் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. 1993-ன் அந்தக் கடைசிப் பந்தில் அசிஸ்ட் கிராண்டின் கணக்கில் ஏறியது. கிராண்டுக்குக் கொடுத்த பிப்பனின் பாஸ் எந்தக் கணக்கிலும் இல்லை.

நம் வீடுகளில் எத்தனை பாஸ் இப்படிக் கணக்கில் வராமல் போகிறது? கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவர் முகூர்த்தத்தைப் பார்த்ததே கிடையாது. எங்கள் குடும்பத்தில் அது சின்ன மாமா. என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவர் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். ஆல்பத்தை முழுக்கப் புரட்டினாலும் அவர் படம் ஒன்றுகூட இல்லை. சாப்பாடு பிரமாதம் என்று ஊரே அப்பாவைப் பாராட்டியது. அப்பாவும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். நானும் பல வருடம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

என் கதையும் வேறல்ல. இந்தப் பக்கத்தின் மேலே என் படம் இருக்கிறது. போன இதழில் நான் தப்பாக எழுதிய ஒரு வருடத்தை ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் செய்து திருத்தியவர் எங்கள் புரூஃப் ரீடர். 'கட்டுரை நன்றாக இருந்தது' என்று உங்களில் சிலர் எழுதிய கடிதங்கள் எனக்குத்தான் வந்தன. அவற்றை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வெற்றிக்கு முந்தைய பாஸைக் கொடுத்தவர் யார்? ஃபீஸ் கட்டிய அக்காவா, இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்த தம்பியா, ஸ்டோர் ரூம் சாவியோடு நின்ற மாமாவா? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம். கடிதத்தில் அவர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். தபாலில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு முறை படித்தும் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்