முதியோர் தனிமைக்கு மருந்தாகுமா கோயில் வாசல்? ஆன்மிகம் உதவுவது எங்கே, கைவிடுவது எங்கே?

புதுச்சேரி - கடலூர் சாலையில் இருக்கும் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் சிங்கிரிகுடி லட்சுமி நரசிம்மர் கோயில். ஆடி 5வது வெள்ளி வந்தால் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் பக்தி மட்டும்தானா? நாலு பேர் முகம் பார்க்கும் வழியும் இதுதான்.

தனிமை அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார். ஆண்டுக்கு சுமார் 8.71 லட்சம் மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு. முதியோரில் 3 பேரில் ஒருவர் வரை சமூகத் தொடர்பு இல்லாமல் இருக்கலாம் என்கிறது அதே அறிக்கை.

ஆன்மிகம் என்ன செய்கிறது?

சாமி கும்பிடுவது மனசுக்கு ஆறுதல். அதைத் தாண்டி மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன:

• குறித்த நாள், குறித்த நேரம்: வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம்.

• பொறுப்பு: பூ கட்டுவது, கோலம் போடுவது, பஜனையில் தாளம் போடுவது. ‘நான் தேவைப்படுகிறேன்’ என்ற எண்ணம்.

• கவனிப்பு: "என்னம்மா, போன வாரம் ஆளையே காணோம்?" என்று கேட்க ஒருத்தர்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதுவானாலும் இது பொருந்தும்.

அப்போ சிக்கல் எங்கே?

அதிகம் தனித்திருப்பவரால்தான் கோயிலுக்கே வர முடிவதில்லை. முழங்கால் வலி, மங்கிய பார்வை, துணைக்கு ஆள் இல்லை. கணவரை இழந்த பெண்களை மங்கல காரியங்களில் ஒதுக்கும் வழக்கம் இருக்கும் இடத்தில், அதே ஆன்மிகம் தனிமையைக் கூட்டவும் செய்யும்.

தமிழ்நாடு அறநிலையத் துறையின் அறுபடை வீடு ஆன்மிகப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 2024-ல் தொடங்கிய இத்திட்டத்துக்கு 60 முதல் 70 வயது வரை என வரம்பு உண்டு. நீண்ட பயணத்துக்கு அது நியாயம்தான். ஆனால் 80 வயதில் வீட்டுக்குள் முடங்கியவருக்கு? பஸ் பயணம் வேண்டாம், வீடு தேடி வரும் பஜனைக் குழு போதும். சாமி நம்பிக்கை இல்லாதவருக்கு நூலகமோ, மாலை நேர அரட்டையோ அதே வேலையைச் செய்யும்.

என்ன செய்யலாம்?

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 மணி வரை இலவசமாகப் பேசலாம். அதற்கு முன்னால் இன்னொன்று: வழக்கமாகக் கோயிலில் பார்க்கும் பாட்டியை இந்த வாரம் காணோமா? பிரசாதத்தோடு போய் ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள்.