கால் இல்லாததெல்லாம் பாம்பா?

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள். பின்கட்டில் வைக்கோல் போரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஏதோ நெளிந்து ஓடியது. "பாம்புக்குட்டி!" என்று வேலைக்கு வந்த அம்மா கத்த, பேரன் தடியால் ஒரே போடு. கிட்டே போனேன். பென்சில் கனம்கூட இல்லை. சிவந்த வால் மட்டும் தனியே கிடந்து துடித்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், உடம்போடு ஒட்டினாற்போல நான்கு குட்டிக் கால்கள். அரணைக் குஞ்சு.

"அரணை கடிச்சா மரணம்னு சொல்வாங்களே சார்" என்றார் அந்த அம்மா. அரணைக்கு விஷமே கிடையாது என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

பேரனை நான் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. "கால் இருந்தால் பல்லி, இல்லாவிட்டால் பாம்பு" என்று 32 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட அறிவியல் வாத்தியார் நான்தானே! ஒடிசாவில் சிலிகா ஏரிக்குள் பார்குடா என்றொரு தீவு. அங்கே காலே இல்லாத அரணை ஒன்று இருப்பதாக 1917-லேயே ஆனண்டேல் என்ற விலங்கியலாளர் எழுதிவைத்துவிட்டார். விசாகப்பட்டினம் பக்கமும் அதன் பங்காளி ஒன்று உண்டு. இதெல்லாம் நான் படித்ததே ஓய்வு பெற்ற பிறகு.

பாடத்தில் காலை விட்டுவிட்டுக் கண்ணையும் காதையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. பாம்புக்கு இமை கிடையாது, காதுத் துளையும் கிடையாது. நம் ஊர் அரணை கண் சிமிட்டும். தலையின் பக்கவாட்டில் சின்னத் துளை தெரியும். வாலை உதறிவிட்டு ஓடினால் அநேகமாக அரணைதான்.

அதே சமயம், அமிர்தி காட்டோரம் குடியிருக்கும் நாம் எதிர்த்தப்பும் செய்துவிடக் கூடாது. மண்ணுளி என்று நினைத்துக் கண்ணாடி விரியன் குட்டியைக் கையில் எடுத்தால் கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் எட்டி நில்லுங்கள். அடிக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரி.

போன வாரம் துளசித் தொட்டியைக் கிளறியபோது மண்புழு மாதிரி, ஆனால் பளபளவென்று கறுப்பாக ஒன்று. செவிப்பாம்பு. காதுக்குள் புகுந்துவிடும் என்று என் அம்மா பயமுறுத்துவாள். உண்மையில் எறும்பு முட்டையும் கரையான் முட்டையும் தின்று பிழைக்கிற சாது அது. அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். பூந்தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகமெல்லாம் குடியேறிவிட்டது.

பேரன் தடியை எடுக்கவில்லை. "தாத்தா, உங்க பூதக்கண்ணாடி எங்கே?" என்றான்.