நிழலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. இங்கே மெல்பர்னில் ராத்திரி பத்தரை மணி. குடிபாலாவிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்பா, ஜிம்மிக்கு பித்தப்பையில கட்டியாம். அமெரிக்காவிலிருந்து பெரியவன் ஊசி போட்டு அனுப்பிடச் சொல்றான். நீ மாட்டு டாக்டராச்சே, நீயே சொல்லு."

ஜிம்மி 11 வயசு பொமரேனியன். வேலூர் ரோட்டில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் பதில் கொடுக்கும். பிள்ளைகள் ரெண்டு பேரும் கடல் தாண்டிய பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். வாந்தி நிற்கவில்லை என்று வாடகைக் கார் பிடித்து, சித்தூர் தாண்டி, திருப்பதி வரை கொண்டுபோய் ஸ்கேன் எடுத்திருக்கிறார். வாட்ஸப்பில் ஒரே ஒரு படம் வந்தது. கறுப்பான பித்தப்பைக்குள் வெள்ளையாக ஒரு திட்டு.

நான் கேட்டது ஒன்றுதான்: "ஜிம்மியைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாங்களா சித்தப்பா?"

விஷயம் இதுதான் மக்களே. அல்ட்ராசவுண்டில் பித்தநீர் கறுப்பாகத் தெரியும். வயசான நாய்களுக்கு அதில் கசடு சேர்வது சகஜம். அது வெள்ளையாக, சில சமயம் உருண்டையாகக்கூடத் தெரியும். நாயைப் புரட்டினால் கசடு மெதுவாக நகர்ந்து கீழே இறங்கும். கட்டி என்றால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நகரவில்லை என்றால் உடனே புற்றுநோயா? அதுவும் இல்லை. மியூகோசீல் என்று ஒன்று உண்டு. பித்தப்பைக்குள் சளி போலக் கெட்டியாக உறைந்துவிடும். ஸ்கேனில் பார்த்தால் கிவிப் பழத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி இருக்கும். பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து, ஆனால் அது புற்றுநோய் அல்ல. உள்சவ்வு தடித்து முண்டு முண்டாக வளர்வதும் உண்டு, அதுவும் சாதுவானதே. பூனைகள் சிலவற்றுக்குப் பித்தப்பையே இரண்டாகப் பிரிந்திருக்கும். அது பிறவி அமைப்பு, நோயே இல்லை.

நாய், பூனை இரண்டிலுமே பித்தப்பையில் உண்மையான கட்டி வருவது மிக அபூர்வம். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் அது கசடல்ல, சதை என்று தெரியும். தெரியாவிட்டால் கட்டியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, மெல்லிய ஓட்டம் கருவிக்குச் சிக்காமல் போகலாம். சாதுவா, கெட்டதா என்று கடைசியில் சொல்வது அறுத்தெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்தான். ஸ்கேன் நிழலைக் காட்டும், பெயர் சொல்லாது.

மூன்று நாள் கழித்து, இரவு முழுக்க வயிற்றைக் காயப்போட்டு, மறுபடி ஸ்கேன். புரட்டினார்கள். திட்டு நகர்ந்தது. கசடுதான். வாந்திக்குக் காரணம் கணைய வீக்கம். யாரோ ஆசையாகப் போட்ட கறிக்கொழுப்பு!

எல்லாக் கதையும் இப்படி முடியாது. எத்தனை புரட்டினாலும் நகராத கட்டியை நானும் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டாரோடு உட்கார்ந்து கடைசி முடிவும் எடுத்திருக்கிறேன். அந்த முடிவே தப்பு என்று சொல்ல வரவில்லை. பார்க்காமல், தொடாமல், ஒரே ஒரு படத்தை வைத்து, எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து எடுப்பதுதான் தப்பு. பெரியவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அது கஷ்டப்படக்கூடாது என்றுதான் சொன்னான். ஆனால் நம் வார்த்தைக்கு ஊரில் இருக்கும் கனம் நமக்கே தெரிவதில்லை. "பையன் சொல்லிட்டான்" என்றால் அங்கே அதற்கு மேல் பேச்சு இல்லை.

ஆகவே ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், உத்தரவு போடாதீர்கள். டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள் சொல்லிக் கொடுங்கள். புரட்டினால் நகர்ந்ததா? உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்ததா? வெறும் வயிற்றில் இன்னொரு ஸ்கேன் வரை காத்திருக்கலாமா, இல்லை அவசரமா? அந்த இரண்டாவது ஸ்கேனுக்கும் கார் வாடகைக்கும் பணம் அனுப்புங்கள். நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான், செய்யவேண்டியதும் அதுதான்.

நேற்று போன் செய்தபோது சித்தப்பா பேசியது பாதி காதில் விழவில்லை. பின்னால் ஒரே குரைப்பு. லாரி போயிருக்கும் போல.