போகிக்கு ஊருக்குப் போறீங்களா? கிளம்பும் முன் ஒரு வார்த்தை

பொங்கல் லீவு விட்டாச்சு. ஹாஸ்டல்ல பாதிப் பேர் பெட்டி கட்டிட்டீங்க. இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பஸ்ல உட்கார்ந்து படிங்க. படிச்சுட்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க.

சுற்றுச்சூழலைக் காக்கும் விடுமுறை என்றதும் துணிப்பை, ஸ்டீல் பாட்டில், மரக்கன்றோடு ஒரு செல்ஃபி என்று பட்டியல் வரும். எல்லாம் நல்லதுதான். மஞ்சப்பையை நானும் தூக்கிட்டுத்தான் கடைக்குப் போறேன். ஆனால் ஒரு மருத்துவரா, இந்த லீவுல நீங்க ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும்னா எதைச் செய்யச் சொல்வேன் தெரியுமா? போகி அன்று விடிகாலை உங்க வீட்டு வாசல்ல எரியப் போறதை நிறுத்துங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு போகி காலை. நைட் டியூட்டி முடியற நேரம். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் ஒருத்தன் அவன் ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வந்தான். வாழ்நாளில் பாதியை விறகடுப்பு முன்னாடி கழித்த பெண். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஆனாலும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி). அன்று இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இல்லை. ஆக்ஸிஜன் அளவு 84. ஆக்ஸிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி எல்லாம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இளைப்பு அடங்கியது.

பையன் சட்டையில டயர் வாடை. "நான்தான் சார் கொளுத்தினேன்"னு அவனே சொன்னான். நான் திட்டவில்லை. ஏன்னா, நானும் கொளுத்தினவன். முதல் வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்கும்போது, லீவுக்கு வந்து, தெருப் பசங்களோட சேர்ந்து நாலு சைக்கிள் டயரை எரிச்சேன். உள்ளே என் அப்பா ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருமிக்கிட்டு இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. பண்டிகை நாள்ல பிள்ளையை எதுக்குச் சொல்லணும்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த இருமல் இன்னும் என் காதுல இருக்கு.

சரி, அறிவியலுக்கு வருவோம்.

பழைய போகியில் எரிந்தது கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம். இன்றைக்கு நம் வீட்டில் பழையது என்றால் என்ன? பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் பாய், ஃபோம் மெத்தை, தெர்மாகோல், வயர், டயர். பெயர்தான் போகி, எரியும் பொருள் வேற.

பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். இது அமில வாயு. கூடவே டையாக்ஸின்களும் வரும். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். டயர் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, பென்சீன், அதோடு கரும்புகை. பழைய செல்போன் பேட்டரியும் டியோடரண்ட் கேனும் நெருப்புக்குள்ள போனா வெடிக்கும், பக்கத்துல நிக்கிற குழந்தையின் முகத்துக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கு. பி.எம். 2.5 என்பார்கள். தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடி, சளி எதுவும் இதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், சிறிது ரத்தத்திலும் கலக்கும். அதனால் இதய நோயாளிகளுக்கும் ஆபத்து. 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் நாட்டு வரம்பு 60.

அடுத்து நேரம். மார்கழிக் கடைசி, விடிகாலை நாலு, ஐந்து மணி. தரை குளிர்ந்திருக்கும், காற்று அசையாது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துவிடும். புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2018 ஜனவரி 13 ஞாபகம் இருக்கா? அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானி வேற ஊருக்குப் போயிடலாம். உங்க ஆயா எங்க போவாங்க?

இப்போ உங்க கேள்விகள்.

"வருஷம் பூரா லாரியும் ஃபேக்டரியும் புகை விடுது. எங்க ஒரு நாள்தான் டாக்டர் கண்ணுக்குத் தெரியுதா?" நியாயமான கேள்வி. அதையும் கேளுங்க, விடாமல் கேளுங்க. ஆனால் ஃபேக்டரி புகைபோக்கி உயரத்தில் இருக்கு. நீங்க கொளுத்துறது ஆயா கட்டிலில் இருந்து பத்தடி தூரத்தில், மூக்கு மட்டத்தில். அந்தத் தீக்குச்சி மட்டும்தான் முழுசா உங்க கையில இருக்கு.

"இது நம்ம பண்பாடு." ஆமாம். போகியை விடச் சொல்லலையே. கொங்குப் பக்கம் போய்ப் பாருங்க. அதே நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவாங்க. காப்புக்கட்டு என்று பெயர். வீடு சுத்தம் செய்வாங்க, வெள்ளை அடிப்பாங்க. நெருப்பு இல்லாமலே அவங்களுக்குப் பண்டிகை நிறைவா நடக்குது. சென்னைப் பசங்க போகி மேளம் அடிக்கிறீங்களா, அடிங்க. காது வலிச்சா பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், அவ்வளவுதான்.

"கொஞ்சமா, பாய் மட்டும் எரிச்சா?" டயரை விடக் குறைவு. ஆனால் அந்தப் புகையிலும் நுண்துகள் உண்டு. வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம். இன்னொன்று, திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே தடை விதித்து, ரூ.5,000 அபராதமும் சொல்லியிருக்கு.

அப்போ பழையதை என்ன செய்யறது?

1. ஹாஸ்டலிலேயே ஆரம்பிங்க. பக்கெட், மெத்தை, டேபிள் ஃபேன் எல்லாம் ஜூனியருக்கு. எழுதின ரெக்கார்டு நோட்டு பழைய பேப்பர் கடைக்கு.

2. வீட்டில் போகிக்கு இரண்டு நாள் முன்னாடியே பரணை ஒழிங்க. உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து, மடித்து, கேட்டு, வேண்டும் என்பவருக்குக் கொடுங்க. கிழிந்த பருத்தித் துணியை மெக்கானிக் கடையில் வாங்கிக்குவாங்க.

3. டயர், மெத்தை, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. சென்னையில் போகிக்கு முன் மாநகராட்சியே இவற்றைத் தனியாக வாங்கிக்கொள்வதாக அறிவிக்கிறது. மறுநாள் தெருவில் கருகி ஒட்டிய டயர் கம்பியைச் சுரண்டி எடுப்பதும் அதே பணியாளர்தான், மறக்காதீங்க.

4. தெருவில் உங்க வயசுப் பசங்க நாலு பேரிடம் முதல் நாளே பேசுங்க. நான் சொன்னா "டாக்டர் எப்பவும் இப்படித்தான்"னு போயிடுவாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க.

இவ்வளவு செய்தும் பக்கத்துத் தெருவில் எரிப்பாங்க. அதனால் ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர் வீட்டில் இருந்தால் விடிகாலையில் ஜன்னலைச் சாத்துங்க, அன்று வாக்கிங் வேண்டாம். தினசரி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. "பழகிடும்"னு சொல்றதெல்லாம் பொய். அவசர இன்ஹேலர் காலியா என்று இன்றைக்கே பாருங்க. என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கர்சீஃப் எதையும் தடுக்காது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, இன்ஹேலருக்கு அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐ அழைங்க.

அந்த ஆயா அன்று மாஸ்க்கை விலக்கி முதலில் கேட்டது, "பேரன் சாப்பிட்டானா?" என்பதுதான். உங்க வீட்டுலயும் உங்களுக்காகச் சக்கரைப் பொங்கலுக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டு ஒருத்தர் காத்திருப்பாங்க. அவங்க நல்லா மூச்சு விடட்டும்.

பத்திரமா ஊருக்குப் போயிட்டு வாங்க. பொங்கல் வாழ்த்துகள்.