ஆலையும் தேர்வடமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் ஆடிப்பூரத்தன்று நகருவது, வடம் பிடிக்கும் ஜனங்கள் அதைத் தம்முடையதென்று எண்ணுவதனாலேயாம். பக்கத்து ஊராகிய இராஜபாளையத்தில் 1936-ம் வருஷம் ஸ்ரீ பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூலாலை ஸ்தாபித்தார்; பின்னர் ஆலைகள் பெருகின. ஆனால் அங்கு உழைப்பவனுக்கு ஆலை தன்னுடையதென்ற எண்ணம் உண்டா? கூலியும் போனஸும் மட்டும் அதைத் தந்துவிடமாட்டா.

1918-ல் அகமதாபாத் வேலைநிறுத்தத்தில், ஆலை முதலாளி அம்பாலால் ஸாராபாயின் சகோதரி அனசூயா பென்னே தொழிலாளர் பக்கம் நின்றார். காந்தியடிகள் 35 சத உயர்வு கோரிப் போராடியும் பகைமையை வளர்க்கவில்லை. மத்தியஸ்தத்தால் வழக்குத் தீர்ந்தது. ஆலைக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பாருக்குத் தொகையில் குறையலாகாதென 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 1976-ல் சேர்க்கப்பட்ட அரசியல் சாஸனத்தின் 43-ஏ ஷரத்தோ நிர்வாகத்திலேயே தொழிலாளர் பங்கு பெற வழி தேடும்படி சர்க்காரைப் பணித்தது.

சட்டம் ஆசனத்தைத் தரலாம். மதிப்பைத் தருவது முதலாளியின் கடமை. கமிட்டி மாதந்தோறும் கூடட்டும். அதன் தீர்மானங்கள் ஆலை வாசலில் ஒட்டப்படட்டும். வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கும் அவன் பாஷையில் அவை சொல்லப்படட்டும். வடத்தைத் தொடவிடாமல் தேரை இழுக்கச் சொல்வது நியாயமாகுமா?