இரண்டாயிரம் வருஷத்துச் சரக்கு, தயாரிப்பு 1955

ஏதாவது ஒரு டேக்வாண்டோ வகுப்பில் போய்ச் சேர்ந்து பாருங்கள். வெள்ளை டோபோக், வெள்ளை பெல்ட், கூடவே ஒரு சின்னப் புத்தகமோ ஜெராக்ஸ் தாளோ கையில் கொடுப்பார்கள். முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: டேக்வாண்டோ இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் கொண்ட கொரியத் தற்காப்புக் கலை, சில்லா நாட்டு ஹ்வாராங் வீரர்கள் பயின்றது. பல இடங்களில் பெல்ட் பரீட்சைக்கு இதுவே ஒரு கேள்வி. "எத்தனை வருஷப் பழமை?" "இரண்டாயிரம் வருஷம், மாஸ்டர்!" பாஸ். மஞ்சள் பெல்ட்.

சுத்தமான புருடா.

கோபப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு தேதிகளைப் பார்க்கவும். டேக்வாண்டோ என்ற பெயர் பிறந்தது 1955 ஏப்ரல் 11-ல். முன்மொழிந்தவர் தென்கொரிய ராணுவ ஜெனரல் சோய் ஹோங் ஹி. அதற்கு முந்தைய பத்து வருஷமாக அங்கே புழங்கிய பெயர்கள் "தாங் சூ தோ", "கோங் சூ தோ". சீன எழுத்தில் எழுதினால் முதலாவது "சீனக் கை வழி", இரண்டாவது "வெறுங்கை வழி". இதே எழுத்துகளை ஒரு ஜப்பானியரிடம் நீட்டினால் என்ன படிப்பார் தெரியுமா? "கராத்தே தோ". இரண்டுக்குமே அதே பதில்தான்! கடை அதே கடை, பெயர்ப்பலகையில் உச்சரிப்பு மட்டும் வேறு.

கடையை நடத்தியவர்கள் யார்? 1944-ல் சியோலில் சோங் தோ குவான் என்ற பள்ளியைத் தொடங்கிய லீ வொன் குக், டோக்கியோவின் சூவோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஷோட்டோகான் கராத்தேயின் தந்தை ஃபுனாகோஷி கிச்சினிடம் பயின்றவர். அதே வருஷம் கேசோங்கில் சோங் மூ குவான் தொடங்கிய நோ பியோங் ஜிக்கும் அதே ஃபுனாகோஷியின் மாணவர். யூன் பியோங் இன், மஞ்சூரியாவில் சீனச் சண்டைக்கலையும் ஜப்பானில் டோயாமா கன்கெனிடம் கராத்தேயும் கற்றவர். சோய் ஹோங் ஹியும் ஜப்பானுக்குப் படிக்கப் போன இடத்தில் கராத்தே கருப்பு பெல்ட் வாங்கியவர். ஹ்வாராங் பரம்பரையில் வந்த ஏதோ ஒரு கிழவர் மலையுச்சியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று கைகாட்ட இந்தப் பட்டியலில் ஆள் கிடையாது.

மூ தொக் குவானைத் தொடங்கிய ஹ்வாங் கீயை மட்டும் ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தபோது அங்கிருந்த நூலகத்தில் கிடைத்த ஒக்கினாவா கராத்தேப் புத்தகங்களைப் பார்த்துத்தான் பலதும் தெரிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். வயதான காலத்திலாவது உண்மையைச் சொன்னாரே.

பெல்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். டான் என்ற தரவரிசையை ஜூடோவின் ஸ்தாபகர் ஜிகோரோ கனோ 1883-ல் தன் மாணவர் இருவருக்குக் கொடுத்துத் தொடங்கிவைத்தார். அவர் அதை எடுத்தது கோ என்ற பலகை விளையாட்டிலிருந்து! 1924-ல் ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்குக் கொண்டுவந்தார். கொரியா அங்கிருந்து எடுத்துக்கொண்டது. டோபோக்கும் அதே வழியில் வந்ததுதான். கழுத்தை வி வடிவத்தில் தைத்ததெல்லாம் 1970களுக்குப் பிறகு. வரிசையில் சீனியர் முன்னால், ஜூனியர் பின்னால் நிற்பது, "சாரியோத்! கியோங்னே!" என்றதும் விறைத்து நின்று குனிவது... இந்தக் கட்டளைகள் கொரியப் பள்ளிக்கூடத்திலும் ராணுவத்திலும் தினமும் கேட்பவை. பழங்காலத் துறவிகளின் பணிவு என்று இதற்கு விளக்கம் சொல்வது ரொம்ப ஓவர்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பூம்சே என்றும் தூல் என்றும் சொல்லப்படும் அசைவுத் தொடர்கள். "நம் கலையின் ஆன்மாவே இதில்தான் இருக்கிறது" என்று மாஸ்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைப்பற்றித்தான்.

தாங் சூ தோ பள்ளிகளில் இன்றுவரை கற்பிக்கும் "பியோங் ஆன்" ஐந்தும் ஒக்கினாவாவில் இட்டோசு அன்கோ உருவாக்கிய பினான் கட்டாக்கள். எழுத்து அதேதான், கொரிய உச்சரிப்பு மட்டும் வேறு. இட்டோசு அவற்றை அமைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒக்கினாவா பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியாகக் கராத்தேயைக் கொண்டுபோன சமயத்தில். ஆக, "பண்டைய போர்க்கள ரகசியம்" என்று பயபக்தியோடு செய்வதன் பூர்வீகம் ஒரு பள்ளிக்கூட டிரில் பீரியட்!

சோய் ஹோங் ஹி கெட்டிக்காரர். பழைய கட்டாக்களை ஒதுக்கிவிட்டுக் கொரிய வரலாற்று நாயகர்கள் பெயரில் 24 தொடர்கள் அமைத்தார், ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்று விளக்கமும் கொடுத்தார். ஆனால் 1965-ல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் புதுத் தொடர்களுக்குப் பக்கத்திலேயே ஜப்பானியக் கட்டாக்களும் இருக்கின்றன. பாத்திரத்தை விளக்குவதற்குள் விருந்தாளி வந்துவிட்ட மாதிரி.

அந்த 24-ல் ஒன்றின் பெயர் ஜூங் குன். 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்று, 1910-ல் தூக்கிலிடப்பட்ட ஆன் ஜுங் குன் நினைவாக. இறக்கும்போது கொரியக் கணக்குப்படி அவருக்கு 32 வயது என்பதால் 32 அசைவுகள். ஜப்பானியருக்கு எதிராக உயிரைக் கொடுத்த தியாகிக்கு அஞ்சலி செலுத்தக் கைகால் அசைப்பது ஷோட்டோகானிலிருந்து வந்த நிலைகளிலும் தடுப்புகளிலும். ஆன் ஜுங் குன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஹ்வாராங் பெயரிலும் ஒன்று உண்டு, அசைவுகள் 29. ஏன் 29? சோய் 1953-ல் உருவாக்கிய 29-ஆவது காலாட்படைப் பிரிவின் எண் அது. ஏழாம் நூற்றாண்டு வீரர்களின் சட்டைப் பையைத் தடவினால் 1953-ன் ராணுவ அடையாள அட்டை கிடைக்கிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது கோதாங். கோதாங் என்பது ஜோ மான் சிக்கின் புனைபெயர். 1946-ல் பியோங்யாங்கில் சோவியத் தரப்பால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட தேசியத் தலைவர். சோய் 1972-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார், 1980-ல் தன் குழுவோடு வடகொரியா போனார். அந்த 1980களிலேயே கோதாங் பட்டியலிலிருந்து காணாமல் போனது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது "ஜூச்சே". கிம் இல் சுங்கின் அரசுச் சித்தாந்தத்தின் பெயர்! இரண்டாயிரம் வருஷ மரபில் கைவைக்க ஒரு விமானப் பயணம் போதும் போலிருக்கிறது.

எதிர்முகாம் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. சியோல் தரப்பு 1960களின் பிற்பகுதியில் பால்க்வே என்று எட்டுத் தொடர்கள் அமைத்தது, சில வருஷத்தில் அதை ஓரங்கட்டித் தேகுக் என்று வேறு எட்டைக் கொண்டுவந்தது. தத்துவப் பின்னணி என்று காட்டப்படும் அந்த எட்டுக் குறிகளும் சீனத்து யி ஜிங் நூலிலிருந்து வந்தவை. கமிட்டி உட்கார்ந்து முடிவு பண்ணிய பாடத்திட்டம். அதில் தப்பே இல்லை, பல்கலைக்கழகத்தில் சிலபஸ் மாற்றுவதும் அப்படித்தான். ஆனால் 1970களில் வந்த சிலபஸை யாராவது "முன்னோர் அருளியது" என்பார்களா?

"ஆதாரம் இருக்கிறதே" என்பார்கள். ஒன்று, கோகுர்யோ காலத்து முயோங்சோங் கல்லறை ஓவியம். இரண்டு பேர் கையை நீட்டியபடி எதிரெதிரே நிற்கிறார்கள். மல்யுத்தமா, நடனமா, வேறு விளையாட்டா என்று படம் சொல்லாது. இரண்டாவது, சோக்குராம் குகைக்கோயிலின் கும்காங் காவலர் சிலைகள். எட்டாம் நூற்றாண்டு. கை உயர்ந்திருக்கிறதாம், ஆகவே அது டேக்வாண்டோ தடுப்பாம். கும்காங் என்றால் வஜ்ரம். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு கிளம்பிப்போன வாயிற்காவலர் மரபு அது. இந்தக் கணக்குப்படி தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகருக்கும் ஒரு கருப்பு பெல்ட் கட்டிவிட வேண்டியதுதான் :) மூன்றாவது, 1790-ல் மன்னர் ஜோங்ஜோ காலத்தில் வந்த முயே தோபோ தோங்ஜி என்ற போர்க்கலை நூல். அதன் வெறுங்கைச் சண்டை அத்தியாயம் பதினாறாம் நூற்றாண்டுச் சீனத் தளபதி ச்சி ஜிகுவாங்கின் நூலை ஒட்டியது. ஹ்வாராங் பற்றிப் பழைய வரலாறுகள் பேசும்போது பாட்டு, மலைப்பயணம், ஒழுக்கம், போர்க்கள வீரம் எல்லாம் வருகிறது. இந்த உதையும் பூம்சேயும் வருவதில்லை.

(போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்க் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்று இந்த இடத்தில் எழுந்து நிற்பவர்கள் தயவுசெய்து உட்காரவும். அவரைச் சண்டைப் பயிற்சியோடு முடிச்சுப் போடும் எழுத்து பதினேழாம் நூற்றாண்டுச் சரக்கு. கொரியர்களைக் கிண்டல் செய்ய இங்கே யாருக்கும் தகுதி இல்லை.)

இந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது என்பது புரியாத விஷயமல்ல. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி. கடைசி வருஷங்களில் சொந்தப் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு "நான் கற்றுக்கொடுப்பது எஜமானனிடம் கற்றது" என்று எந்த ஆசிரியர் வாய்திறந்து சொல்வார்? 1955-ல் அந்தப் பொய்க்கு ஒரு வலி இருந்தது. 1972-ல் குக்கிவோன், 1973-ல் உலகக் கூட்டமைப்பு, 2000-ல் சிட்னி ஒலிம்பிக் பதக்கம் எல்லாம் வந்தபிறகும் அதே பொய்யைச் சொல்வதற்கு என்ன வலி? வியாபாரம்தான். கணக்கியலில் குட்வில் என்று ஒன்று உண்டு. இன்னொரு நிறுவனத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் அதைச் சொத்தாக எழுதலாம். தனக்குத்தானே மதிப்பு போட்டு எழுதிக்கொண்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். டேக்வாண்டோ சங்கங்களின் புத்தகத்தில் ஹ்வாராங் அப்படி எழுதப்பட்ட தொகை. தர்மகர்த்தா யாரும் தணிக்கை கேட்பதில்லை, பெல்ட் பரீட்சைக் கட்டணம் மட்டும் ஒழுங்காக வசூலாகிறது.

"பழமை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மரியாதை வரும், இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு: நஷ்டம் வகுப்பறையிலேயே இருக்கிறது. பூம்சேயில் முஷ்டியை இடுப்பில் வைத்து, அகலக் காலில் நின்று, கையால் தடுக்கிறான் பையன். அடுத்த அரைமணியில் ஸ்பாரிங். அங்கே துள்ளிக்கொண்டே நிற்க வேண்டும், கால்தான் எல்லாம், இடுப்பு முஷ்டி எங்குமே இல்லை. "மாஸ்டர், அது எதற்கு?" என்று கேட்டால், "பாரம்பரியம்". வாய் மூடிவிடும். ஒரு கமிட்டி சமீபத்தில் அமைத்தது என்று தெரிந்தால் அந்தப் பையன் அடுத்த கேள்வி கேட்பான். அதைத் தவிர்க்கத்தான் இரண்டாயிரம் வருஷம்.

இதைவிடப் பெரிய நஷ்டம், கொரியர்கள் நிஜமாகச் சாதித்ததை இந்தப் பொய் மறைத்துவிடுகிறது. 1960களில் போட்டி விதிகளை மாற்றி, முகத்தில் குத்தக்கூடாது, உதைக்குத்தான் மதிப்பு என்று வைத்தார்கள். அந்த விதிக்குள் இளைஞர்கள் மோதி மோதி, சுழன்று உதைப்பது, பின்னால் திரும்பி உதைப்பது, அடுத்தடுத்து காற்றிலேயே உதைப்பது என்று ஒரு புது மொழியையே உருவாக்கிவிட்டார்கள். ஒரே தலைமுறையில்! ஜப்பானிய ஆசிரியர் யாரும் சொல்லிக்கொடுக்காதது. ஸ்டீவன் கேப்பனர் 1995-லேயே ஒரு கொரிய ஆய்விதழில் இதை எழுதினார். உண்மையான பெருமையை அலமாரியில் பூட்டிவிட்டுப் போலி நகையைப் போட்டுக்கொண்டு திரிவானேன்?

கடைசியாகத் தேக்கியோன். டேக்வாண்டோவின் தாய் என்று அதே ஜெராக்ஸ் தாள் சொல்லும் கலை. ஒலியைக் கடன் வாங்கியதோடு சரி. பெல்ட் கிடையாது, டோபோக் கிடையாது, பூம்சே கிடையாது. சாதாரண ஹான்போக் உடையில், முக்கோணமாகக் காலை மாற்றி மாற்றி வைத்து, எதிராளியைத் தட்டி விழவைக்கும் ஆட்டம். காலனி ஆட்சிக் காலத்தைத் தாண்டி அதைக் கையில் வைத்திருந்தவர் சோங் தொக் கி, 1893-ல் பிறந்தவர். டேக்வாண்டோ உலகம் சுற்றிய பத்திருபது வருஷமும் அவர் சியோலில்தான் இருந்தார். அரசாங்கம் தேக்கியோனை 76-ஆவது பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது ஆண்டு 1983, அவருக்கு வயது 90. யுனெஸ்கோ பட்டியலில் அது ஏறியது 2011-ல்தான். கிழவர் 1987-ல் காலமானார். மறுவருஷம் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பெரும் கூட்டமாக வெள்ளை டோபோக் அணிந்தவர்கள் மைதானத்தில் இறங்கி, கொரியாவின் தொன்மையான கலை என்று பலகை உடைத்துக் காட்டினார்கள்.