பெயர்ப்பலகையில் ஒரு தமிழ் வரி

கடந்த செமஸ்டர் விடுமுறையில் குடும்பத்தோடு பேராக், கோலா செபெத்தாங்கிற்கு மீ ஊடாங் சாப்பிடப் போயிருந்தோம். அங்கே கடைத்தெருவில் ஒரு பழைய இரயில் நிலையப் பெயர்ப்பலகை நிற்கிறது. ‘போர்ட் வெல்ட்’ என்ற பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளிலும் உள்ளது. தண்டவாளம் இல்லை, இரயிலும் இல்லை. வருகிறவர்கள் பலகையோடு ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885 என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது அந்தத் தெருவுக்கு என்ன செய்தது என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை.

லாரூட் ஈயத்தைக் கப்பலில் ஏற்றவே அந்த 13 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. அதற்கு முன்பு அது சதுப்புநிலக் காட்டோரத்து ஆற்று முகத்துவாரம். 1885 ஜூன் 1-ஆம் தேதி இரயில் ஓடத் தொடங்கியதும் அது துறைமுகமானது. ஆளுநர் வெல்டின் பெயரும் சேர்ந்துகொண்டது. பாதை போட்டவர்களில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்களும் இருந்தனர். ஆனால் 1903-க்குள் பிறையையும் கோலாலம்பூரையும் இரயில் இணைத்துவிட்டது. சரக்கு நேராகப் பினாங்குக்குப் போக வழி பிறந்தது. ஓர் இரயில் வளர்த்த துறைமுகத்தை இன்னோர் இரயில் ஓரங்கட்டியது. மீன்பிடித் தொழிலும் கரிச்சூளைகளும்தான் ஊரைத் தாங்கின.

அந்தப் பலகையில் உள்ள தமிழ் வரி அலங்காரத்துக்கு எழுதப்பட்டதல்ல. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்களும் அங்கே ஏறி இறங்கியதால்தான் அது எழுதப்பட்டது. நாம் இந்த நாட்டுக்கு என்ன செய்தோம் என்று மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். அதற்குச் சான்றாகத் தெருவில் நிற்பதையோ படத்துக்குப் பின்னணியாக மட்டுமே பயன்படுத்துகிறோம்.

நண்பர்களே, அடுத்த வரலாற்று இடுபணிக்கு இணையத்தில் கிடைப்பதையே மறுபடியும் எழுத வேண்டாம். உங்கள் ஊரில் இரயில் வந்த, அல்லது இரயில் நின்றுபோன ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கடை எப்போது வந்தது, யார் எங்கே வேலை செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். பலகைக்குச் சாயம் பூசி அதைக் காப்பாற்றிவிடலாம். பெரியவர்களின் நினைவை அப்படிக் காப்பாற்ற முடியாது.

மறுமுறை போகும்போது தாத்தாவையும் அழைத்துப் போகப் போகிறேன். இம்முறை கைப்பேசியில் படத்தை விட அவர் குரலைத்தான் அதிகம் பதிவு செய்வேன்.